தக்காளி வைரஸை முழு வட்டமாகப் படிக்க ஒரு பெட்டி: டெம்ப்ளிஃபை 100

தக்காளி இலைச்சுருள் நோயில் ஆய்வு தொடங்குகிற மாணவர் யாராவது என்னிடம், "கையிலிருக்கிற பணத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும், எதை வாங்கட்டும்?" என்று கேட்டால், தயங்காமல் டெம்ப்ளிஃபை 100 என்பேன். வட்டமான டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கித் தருகிற வினைப்பொருள் பெட்டி (கிட்) அது. ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். அந்த அரை எங்கே குறைந்தது என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன். வாங்கப் போகிறவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம்.

நான் பயிர் நோயியல் ஆய்வு மாணவி. வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ்கள்தான் என் வேலை. உடுமலை, கிணத்துக்கடவு, ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தக்காளித் தோட்டங்களில் இலை பறிப்பதில் தொடங்கி, வைரஸின் மரபணு வரிசையைக் கணினியில் அடுக்கிப் பார்ப்பது வரை ஒரே ஆளாகச் செய்ய வேண்டியிருக்கிறது. இந்தப் பெட்டி அந்த வேலையின் முதுகெலும்பு. எங்கள் துறைக்கு வருகிற முதலாண்டு மாணவர்கள் பெரும்பாலும் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். அவர்களுக்குக் கைகொடுக்கும் என்றுதான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

பெட்டிக்குள் முக்கியமாக மூன்று வகைக் குழாய்கள் இருக்கும்: மாதிரிக் கரைசல், வினைக் கரைசல், நொதிக் கலவை. 100 வினைகளுக்குப் போதும். அமர்ஷாம் பயோசயின்சஸ் காலத்தில் சந்தைக்கு வந்த பொருள், பிறகு ஜிஇ ஹெல்த்கேர் பெயரில் விற்றது, இப்போது சைட்டிவா. பழைய ஆய்வுக் கட்டுரைகளில் வேறு வேறு பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், சரக்கு ஒன்றுதான்.

இது எதற்கு, டிஎன்ஏவில் நாம் தேடுகிற ஒரு துண்டை மட்டும் பெருக்கிக் காட்டுகிற பிசிஆர் போதாதா என்று முதலில் எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தக்காளியில் இலையைச் சுருட்டுகிற பெகோமோவைரஸ்களைக் கண்டுபிடிக்க டெங் பிரைமர் ஜோடி ஒன்று உண்டு (பிரைமர் என்பது டிஎன்ஏவில் பொருத்தமான இடத்தில் ஒட்டிக்கொண்டு பெருக்கத்தைத் தொடங்கிவைக்கிற குட்டி இழை). 1990களிலிருந்து எல்லா ஆய்வகங்களிலும் புழங்குகிறது. அதைப் போட்டால் 500 டிஎன்ஏ எழுத்துக்கு (ஏ, டி, ஜி, சி) சற்று மேற்பட்ட ஒரு துண்டு வரும். துண்டு வந்தால் செடியில் பெகோமோவைரஸ் இருக்கிறது, அது உறுதி. எந்த வைரஸ் என்பதற்கு அந்தத் துண்டு பதில் சொல்லாது. பெகோமோவைரஸ்கள் ஒன்றோடொன்று மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொள்வதில் பெயர்போனவை. ஒரு பக்கம் பெங்களூரு வகை இலைச்சுருள் வைரஸ் மாதிரி இருக்கும், மறுபக்கம் வேறு ஏதோ ஒன்றாக இருக்கும். அதனால்தான் பன்னாட்டு வைரஸ் வகைப்பாட்டுக் குழு, டிஎன்ஏ-ஏ என்கிற வைரஸின் முதன்மை மரபணு வட்டத்தை முழுதாகப் படித்துத்தான் இனத்தைச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த வைரஸோடு 91 சதவீதத்துக்குக் குறைவாக ஒத்துப்போனால் அது தனி இனம். 94 சதவீதத்துக்குக் குறைந்தால் தனித் திரிபு. 500 எழுத்தை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

பிரைமருக்கு இன்னொரு குறையும் உண்டு. நாம் எதைத் தேடுகிறோமோ அதைத்தான் அது காட்டும். நமக்குத் தெரியாத ஒன்று இலைக்குள் இருந்தால் அதன்மேல் ஒட்டாமல் சும்மா இருந்துவிடும். டிஎன்ஏவை நீளவாரியாகக் கோடுகளாகப் பிரித்துக் காட்டுகிற ஜெல்லில் ஒன்றும் தெரியாது, நாமும் "வைரஸ் இல்லை" என்று எழுதிவிடுவோம்.

இதெல்லாம் விவசாயிக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்காக உடுமலைப் பக்கத்தில் ஒரு பெரியவர் கேட்டதைச் சொல்கிறேன். நட்டு இரண்டு மாதம் ஆகாத தோட்டம். செடி முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. கொழுந்து இலைகள் கிண்ணம் போல மேல்நோக்கிக் குவிந்து, ஓரம் மஞ்சளித்து, கணுவுக்குக் கணு இடைவெளியே இல்லாமல் கொத்தாக நின்றன. பூ உதிர்ந்துகொண்டிருந்தது. செடியை லேசாகத் தட்டினால் வெள்ளை ஈ புகைபோல எழுந்து திரும்ப அதே இலையின் அடியில் போய் உட்கார்ந்தது. "ஏனுங்க அம்மணி, வைரஸ் தாங்கும்னு சொல்லித்தானுங்க வெதை குடுத்தாங்க. காசும் சேத்தித்தான் குடுத்தேன். இப்ப பாருங்க, கொண்டையெல்லாம் சுருட்டிக்கிட்டு நிக்குது. வெதை மோசமா, இல்ல மருந்து மோசமா?" என்றார். "எலையைக் கொண்டுபோய்ப் பாத்துட்டுச் சொல்றேனுங்க ஐயா" என்று மட்டும்தான் அந்த இடத்தில் என்னால் சொல்ல முடிந்தது. ஏனென்றால் விதையும் மோசமில்லாமல், மருந்தும் மோசமில்லாமல், வந்திருக்கிற வைரஸ் வேறாக இருக்கலாம்.

எப்படி என்றால், தக்காளியில் இந்த நோய்க்கு எதிர்ப்பு தருகிற மரபணுக்களுக்கு டை-1, டை-2, டை-3 என்று வரிசையாகப் பெயர். எல்லாமே காட்டுத் தக்காளி இனங்களிலிருந்து கலப்பினச் சேர்க்கையால் கொண்டுவந்தவை. டை-1-உம் டை-3-உம் ஒரே மரபணுவின் இரண்டு வடிவங்கள், சிலி நாட்டுக் காட்டுத் தக்காளியிலிருந்து வந்தவை. டை-2 இன்னொரு காட்டு இனத்திலிருந்து வந்தது. இந்தியாவில் இவற்றைச் சோதித்துப் பார்த்ததில் தெரிந்தது இது: டை-2 மட்டும் உள்ள செடி, ஒற்றை வட்டம் கொண்ட பெங்களூரு வகை வைரஸுக்கு ஈடுகொடுக்கிறது, டிஎன்ஏ-ஏ, டிஎன்ஏ-பி என்று இரட்டை வட்டத்தோடு வருகிற புதுடெல்லி வகையிடம் தோற்றுவிடுகிறது. டை-3 இரண்டையும் தாங்குகிறது. விதைப் பொட்டலத்தில் "இலைச்சுருள் தாங்கும்" என்று ஒரே வரியில்தான் அச்சடிக்கிறார்கள். எந்த மரபணு, எந்த வைரஸ் என்று யாரும் போடுவதில்லை. போட்டே ஆக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதுவரைக்கும் தோட்டத்தில் இருப்பது எந்த வைரஸ் என்பதை யாராவது முழுசாகப் படித்துச் சொன்னால்தான், அடுத்த போகத்துக்கு எந்த விதை என்று அந்தப் பெரியவர் முடிவெடுக்க முடியும்.

இனி பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பெகோமோவைரஸின் மரபணு ஏறத்தாழ 2700 எழுத்துகள் கொண்ட சின்ன வட்டம். பெட்டியிலுள்ள நொதியின் பெயர் ஃபை29 டிஎன்ஏ பாலிமரேஸ். வட்டத்தின் மேல் உட்கார்ந்தால் அது நிற்காமல் சுற்றிச் சுற்றி வரும்; முன்சுற்றில் எழுதிய இழையை உரித்துத் தள்ளிக்கொண்டே அடுத்த சுற்றை எழுதும். ஒருமுறை பிடித்தால் 70,000 எழுத்துக்கு மேல் எழுதுகிற வரை விடாது. தப்பாக எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்தவும் செய்யும். அதனால் பிசிஆரில் வழக்கமாகப் போடுகிற டாக் நொதியை விடப் பிழை மிகமிகக் குறைவு. மாதிரிக் கரைசலில் ஆறெழுத்துக் குட்டிப் பிரைமர்கள், எல்லா எழுத்துச் சேர்க்கையிலும், கலந்திருக்கின்றன. வட்டம் எதுவாக இருந்தாலும் ஏதோ ஓரிடத்தில் ஏதோ ஒன்று ஒட்டிக்கொள்ளும். எந்த வைரஸ் என்று முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. நான் இந்தப் பெட்டியைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவது இந்த ஒரு குணத்துக்காகத்தான்.

இந்த நொதியின் பின்னால் ஒரு பெண்மணி இருக்கிறார், அவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஸ்பெயின் நாட்டின் மார்கரீட்டா சாலாஸ். பாசில்லஸ் பாக்டீரியாவைத் தாக்குகிற ஃபை29 என்ற சின்ன வைரஸை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். எந்த லாபத்தையும் எதிர்பார்த்துச் செய்ததில்லை, அடிப்படை அறிவியல். அதிலிருந்து வந்த இந்த நொதியின் காப்புரிமை ஸ்பெயின் அரசு ஆய்வு மன்றத்துக்கு மிக அதிகமாக வருவாய் ஈட்டித் தந்த காப்புரிமையாக ஆனது. 2019-இல் ஐரோப்பிய கண்டுபிடிப்பாளர் விருதில் வாழ்நாள் சாதனைக்காகக் கௌரவிக்கப்பட்டார்; அதே ஆண்டு நவம்பரில் காலமானார். 2004-இல் பிரேசில் ஆய்வாளர்கள் இந்த நொதியை வைத்துப் பெகோமோவைரஸ் முழு வட்டத்தையும் எளிதாக எடுக்கலாம் என்று காட்டினார்கள். இரண்டே ஆண்டில் ஜெர்மனியில் ஒரு குழு, ஜெமினிவைரஸ் ஆய்வையே இது புரட்டிப் போட்டுவிட்டது என்று எழுதியது. மிகையில்லை.

செய்முறை எளிது. கொழுந்துக்கு அடுத்த இளம் இலைகளைப் பறியுங்கள். முற்றிய இலை வேண்டாம், வைரஸும் குறைவு, சளிப்பொருளும் அதிகம். பறித்து முடித்தால் விரலெல்லாம் மஞ்சள்பச்சைக் கறை ஏறியிருக்கும். சோப்புக்கும் சீக்கிரம் போகாது. சிலிக்கா ஜெல் போட்ட பையில் உலர்த்திவிட்டால் ஐஸ் பெட்டி தேவையில்லை. இது டிஎன்ஏ வைரஸ், அவ்வளவு சீக்கிரம் கெடாது. வழக்கமான சிடிஏபி முறையில் டிஎன்ஏ எடுங்கள். ரொம்பச் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை, அந்த விஷயத்தில் இந்த நொதி பெருந்தன்மை உள்ளது.

1 மைக்ரோலிட்டர் டிஎன்ஏவை 5 மைக்ரோலிட்டர் மாதிரிக் கரைசலில் விட்டு, 95 டிகிரியில் 3 நிமிடம் சுட வைத்து, ஆறவிடுங்கள். 5 மைக்ரோலிட்டர் வினைக் கரைசலும் 0.2 மைக்ரோலிட்டர் நொதியும் கலந்து அதில் சேருங்கள். 30 டிகிரியில் 4 மணி நேரத்திலிருந்து 18 மணி நேரம் வரை விடலாம். நான் சாயங்காலம் வைத்துவிட்டு விடுதிக்குப் போய்விடுவேன். பிசிஆர் கருவிகூட வேண்டாம், 30 டிகிரி நிலையாக நிற்கிற எந்த அடைகாப்பானும் போதும். காலையில் 65 டிகிரியில் 10 நிமிடம் வைத்து நொதியை முடக்கிவிட வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால் திருத்துகிற அதே நொதி டிஎன்ஏவைக் கொறிக்கத் தொடங்கும்.

காலையில் குழாயைத் திறந்து பிப்பெட்டை விட்டால் உடனே தெரிந்துவிடும். தண்ணீராக வைத்தது கெட்டியாகி, நுனியில் நூல் இழுக்கும். அப்படியே ஜெல்லில் போட்டால் கிணற்றை விட்டு நகராமல் அங்கேயே நின்று ஒளிரும், அத்தனை நீளமான இழை. அதைப் பார்த்துப் புது மாணவர்கள் சந்தோஷப்படுவார்கள். அந்த ஒளியை நம்ப வேண்டாம். மாதிரியே போடாத வெற்றுக் குழாயிலும் சிலசமயம் இதே ஒளி வரும். குட்டிப் பிரைமர்கள் தங்களுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு பெருகிவிடுகின்றன. வெட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

வெட்டுவது என்றால் கட்டுப்பாட்டு நொதிகளால், அதாவது குறிப்பிட்ட எழுத்து வரிசை வருகிற இடத்தில் மட்டும் டிஎன்ஏவை வெட்டுகிற நொதிகளால். வட்டத்தில் ஒரே இடத்தில் மட்டும் வெட்டுகிற நொதி கிடைத்தால், நீளமான இழை முழுக்க 2700 எழுத்துத் துண்டுகளாக உதிரும். ஜெல்லில் ஒரே தடித்த கோடு. ஆறெழுத்தைத் தேடி வெட்டுகிற நொதி சராசரியாக 4096 எழுத்துக்கு ஒருமுறைதான் வெட்டும், அதனால் 2700 எழுத்து வட்டத்தில் ஒருமுறை வெட்டவும் செய்யலாம், வெட்டாமலும் போகலாம். பாம்ஹெச்-1, ஹிண்ட்-3, ஈகோஆர்-1, கேபிஎன்-1 என்று ஒவ்வொன்றாகத் தனித்தனிக் குழாயில் போட்டுப் பார்க்க வேண்டும். கோடுகளின் நீளத்தைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 2700 என்றால் ஒரு வட்டம். 5400 என்றால் இரண்டு வட்டம்: டிஎன்ஏ-ஏவும் பியும் சேர்ந்திருக்கலாம், அல்லது இரண்டு வைரஸ்கள் ஒரே செடியில் இருக்கலாம். அந்தப் பெரியவரின் தோட்டத்து மாதிரியில் கேபிஎன்-1 போட்டபோது 2700-க்குக் கீழே, 1350 அருகில் இன்னொரு மெல்லிய கோடு தெரிந்தது. பீட்டா துணைவட்டம். அது தனியாக வாழாது, வைரஸின் முதுகில் ஏறி வருவது; ஆனால் செடியின் தற்காப்பை அடக்குகிற புரதம் ஒன்று அதில் இருக்கிறது, நோயைக் கடுமையாக்கிவிடும். டெங் பிரைமர் மட்டும் போட்டிருந்தால் இந்தக் கோடு என் கண்ணில் பட்டிருக்கவே படாது.

குளோனிங் செய்பவர்களுக்கு, அதாவது வைரஸ் வட்டத்தைப் பிளாஸ்மிட் என்கிற பாக்டீரியா வட்ட டிஎன்ஏவில் செருகிப் பெருக்குபவர்களுக்கு ஒரு விஷயம், எந்தக் கையேட்டிலும் எடுப்பாகப் போடுவதில்லை. எல்லா ஆய்வகத்திலும் இருக்கிற பியூசி19 பிளாஸ்மிடின் நீளம் 2686. வைரஸின் நீளமும் 2700 சுமார். வைரஸை அதில் செருகிவிட்டு, அதே நொதியால் வெட்டிச் சரிபார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் ஒரே கோடாக விழும். வைரஸ் ஏறாத வெறும் பிளாஸ்மிடும் அதே இடத்தில்தான் விழும். ஏறியதா இல்லையா என்று ஜெல்லைப் பார்த்துச் சொல்லவே முடியாது. 2961 எழுத்துள்ள புளூஸ்கிரிப்ட் பிளாஸ்மிடை எடுத்துக்கொள்ளுங்கள், நீளமான ஜெல்லில் பிரிந்து தெரியும். பியூசி19-தான் இருக்கிறது என்றால், பிளாஸ்மிடில் மட்டும் ஒருமுறை வெட்டி வைரஸில் வெட்டாத இன்னொரு நொதியைப் போட்டு மொத்த நீளம் 5400 வருகிறதா என்று பாருங்கள்.

சரிபார்த்த குளோனை வரிசை படிக்க அனுப்ப வேண்டும். சேங்கர் முறையில் ஒரு முனையிலிருந்து நம்பிக்கையாக 700, 800 எழுத்து கிடைக்கும். இரண்டு முனையும் சேர்த்தால் நடுவில் ஆயிரத்துச் சொச்சம் இடைவெளி விழும். வந்த வரிசையை வைத்து உள்ளே ஒரு பிரைமர் செய்து மறுபடி அனுப்ப வேண்டும். இந்த இடத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நாங்கள் அனுப்பிய ஒரு வரிசைச் சேவை நிறுவனம், எழுத்து வரிசையை மட்டும் கோப்பாக அனுப்பிவிட்டு, மூல அலைவரைபடத்தைக் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டிய நிலையில் வைத்தது. 91 சதவீதமா 90.8 சதவீதமா என்று இனத்தையே முடிவு செய்கிற வேலையில், சந்தேகமான எழுத்தைக் கண்ணால் பார்க்க அந்த அலை வேண்டும். எங்கு அனுப்பினாலும் மூல வரைபடம் தருவீர்களா என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரிசை கைக்கு வந்ததும் முதலில் நான் தேடுவது ஒன்பதெழுத்து: டி-ஏ-ஏ-டி-ஏ-டி-டி-ஏ-சி. உலகத்தில் எந்த மூலையில் எடுத்த பெகோமோவைரஸிலும் இது இருக்கும். ஏழாம் எட்டாம் எழுத்துக்கு நடுவில்தான் வைரஸின் ரெப் புரதம் வெட்டித் தன் பெருக்கத்தைத் தொடங்குகிறது. அதை வைத்துத்தான் வட்டத்துக்கு ஆரம்பம் குறிக்கிறோம். பிறகு அமெரிக்காவின் என்சிபிஐ மையத்து மரபணுத் தரவுத்தளத்தில் ஒத்த வரிசையைத் தேடித் தருகிற பிளாஸ்ட் தேடல், அதன்பின் எஸ்டிடி என்கிற மென்பொருள். கேப்டவுன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் உருவாக்கியது, இலவசம். இரண்டிரண்டாக ஒப்பிட்டு வண்ணக் கட்டங்களாகக் காட்டும். அந்த மாதிரியின் டிஎன்ஏ-ஏ புதுடெல்லி வகையோடு 94-ஐத் தாண்டி ஒத்துப்போனது. டிஎன்ஏ-பியும் கூடவே கிடைத்தது. பெரியவருக்குப் போன் போட்டு, "விதை மோசமில்லைங்க ஐயா, அந்த விதைக்கு அடங்காத வைரஸ் வந்திருக்குதுங்க. அடுத்த தடவை டை-3 இருக்குதான்னு கேட்டு வாங்குங்க. நாத்து விடறப்பவே வலை கட்டிருங்க" என்று சொன்னேன். "டை-3-ன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க அம்மணி, கடையில காட்டறேன்" என்றார். எழுதி அனுப்பினேன்.

குறையைச் சொல்கிறேன் என்றேன். முதல் குறை, இது டிஎன்ஏ வட்டத்தை மட்டும்தான் பார்க்கும். வெள்ளை ஈ பரப்பும் எல்லாமே பெகோமோவைரஸ் அல்ல. தக்காளிக் குளோரோசிஸ் வைரஸ் என்று ஒன்று, 1998-இல் ஃபுளோரிடாவிலிருந்து முதலில் விவரிக்கப்பட்டது, அதையும் வெள்ளை ஈக்கள்தான் பரப்புகின்றன. ஆனால் அது ஆர்என்ஏ. அடியிலைகளில் நரம்பு பச்சையாக நிற்க நடுப்பகுதி மஞ்சளாகும், பார்த்தால் மக்னீசியம் பற்றாக்குறை என்றுதான் தோன்றும். அந்த இலையை இந்தப் பெட்டியில் போட்டால் ஒன்றும் வராது. இலைப்பேன் பரப்புகிற மொக்குக் கருகல் வைரஸும் அப்படித்தான். "டெம்ப்ளிஃபையில் ஒன்றும் வரவில்லை" என்பதை "வைரஸ் இல்லை" என்று படிக்கக் கூடாது. மஞ்சளித்த, ஆனால் சுருளாத செடிக்கு ஆர்என்ஏ எடுத்து, அதை டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்குகிற ஆர்டி-பிசிஆரைத் தனியாகச் செய்தே தீர வேண்டும்.

இரண்டாவது, எது அதிகம் எது குறைவு என்று இதனால் சொல்ல முடியாது. சின்ன வட்டத்தை நொதி வேகமாகச் சுற்றிவிடும், அதனால் துணைவட்டங்கள் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். அளவு வேண்டுமென்றால் அதற்கென்று தனிப் பிசிஆர் இருக்கிறது.

மூன்றாவது, சேமிப்பு. மைனஸ் 70 டிகிரி கேட்கிறது. கோவைப் பக்கத்து ஆய்வகங்களில் அந்தக் குளிர்பெட்டி இருக்கும். சின்ன ஊர்க் கல்லூரிகளில் அதற்கு எங்கே போவது? வழியில் கெட்டுப்போவதும் உண்டு. எங்களுக்கு ஒருமுறை வந்த பெட்டியில் உலர்பனி மொத்தமும் ஆவியாகி, வெறும் தெர்மாக்கோல்தான் மிச்சம். கொண்டுவந்த கூரியர்காரர்கள் வெள்ளிக்கிழமை கிடங்கில் வைத்துத் திங்கட்கிழமை கொடுத்திருந்தார்கள். வாரத் தொடக்கத்தில் அனுப்பச் சொல்லுங்கள், வந்த நிமிடமே திறந்து பனி இருக்கிறதா என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் நொதியைச் சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்துவிடுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கினால் வீரியம் போய்விடும்.

விலையைப் பொறுத்தவரை, மாணவர் உதவித்தொகையில் வாங்குகிற பொருள் இல்லை, துறையின் திட்டப்பணத்தில் வாங்க வேண்டியதுதான். அதனால் எல்லா மாதிரியையும் இதில் போடாதீர்கள். முதலில் டெங் பிரைமரால் சலித்துவிட்டு, அதில் விசேஷமாகத் தெரிவதை மட்டும் போடுங்கள். அறிகுறி கடுமையாக இருந்தும் பிசிஆரில் வராத மாதிரியைக் கண்டிப்பாகப் போடுங்கள், புதுச் சரக்கு இருப்பது அங்கேதான். எல்லாக் கரைசலையும் பாதி அளவாக வைத்தாலும் வேலை நடக்கிறது. ஃபை29 நொதியைத் தனியாக வாங்கி, குட்டிப் பிரைமரும் மற்றதும் சேர்த்துக் கலவையை நாமே செய்வதும் உண்டு. பெரிய அளவில் வேலை செய்கிற ஆய்வகத்துக்கு அதுதான் சிக்கனம். புதிதாகத் தொடங்குபவர் பெட்டியை வாங்கிப் பழகிவிட்டு அந்தப் பக்கம் போகலாம். ஈக்விஃபை29 என்று தெர்மோ நிறுவனத்தின் திருத்திய நொதி ஒன்றும் இருக்கிறது, 42 டிகிரியில் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும். அவசரம் இல்லாத எனக்கு இரவு முழுக்க ஓடுகிற பழையதே போதும்.

இவ்வளவு பாடுபட்டு முழு வட்டத்தையும் படிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும். இந்தியாவில் இந்த நோயை 1948-இலேயே பதிவு செய்துவிட்டார்கள். ஆனாலும் தென்னிந்தியத் தக்காளியைக் கவிழ்த்தது, 1999-இல் கோலாரில் கண்டுபிடிக்கப்பட்ட பி உயிர்வகை வெள்ளை ஈ. உருவத்தில் உள்ளூர் ஈ மாதிரியே இருக்கும், மரபணுவைப் பார்த்துத்தான் பிரித்தறிய முடிந்தது. புதுடெல்லி வகை வைரஸ் 2012-இல் ஸ்பெயினில் சுரைக்காய்க் குடும்பப் பயிர்களில் வந்து நின்றபோது, அதுவும் இரண்டு வட்டத்தையும் முழுசாகப் படித்தவர்களிடம்தான் அடையாளம் தெரிந்தது. நம் பக்கமும் தக்காளிக்குப் பக்கத்துப் பாத்தியில் பாகலும் பீர்க்கனும் நிற்கிறது, வெள்ளை ஈ இரண்டிலும் உட்கார்கிறது. பாகல் இலையையும், முடிந்தால் உறிஞ்சுகுழலில் பிடித்த வெள்ளை ஈக்களையும் இதே பெட்டியில் போட்டுப் பாருங்கள். ஈயின் வயிற்றிலிருந்தே வட்டங்கள் கிடைக்கும், அந்தத் தோட்டத்தில் என்னென்ன சுற்றிக்கொண்டிருக்கிறது என்று தெரியும்.

கடைசியாக ஒரு யோசனை. மைனஸ் 70 இல்லாத கல்லூரிகள் பக்கத்து ஆய்வகத்தோடு சேர்ந்து ஒரு பெட்டி வாங்கலாம். உலர்த்திய இலையைத் தபாலில் அனுப்பினால் போதும், டிஎன்ஏ எடுத்து வினையை ஓட்டிக் கொடுத்துவிட்டால் வெட்டுவதும் குளோன் செய்வதும் எந்தக் கல்லூரியிலும் நடக்கும். நாங்கள் அப்படி ஒரு கல்லூரிக்குச் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பையின் மேல் ஊர், தேதி, விதையின் ரகப் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஆல்கஹால் பட்டால் பேனா மை கரைந்துவிடும்.